ஒரு வெற்றி, இருபது தோல்வி: ஜாக் நாபர்ஸின் பதிவும் பிட்சர் கணக்கின் வரலாறும்

அமெரிக்கப் பேஸ்பால் பதிவேடுகளில் ஜாக் நாபர்ஸ் என்ற பெயரைத் தேடிப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது ஓர் அவமானம். 1916ஆம் ஆண்டுப் பருவத்தில் பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் அணிக்காகப் பந்தெறிந்த அவர் பெயரில் 1 வெற்றியும் 20 தோல்விகளும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த இருபதில் கடைசிப் பத்தொன்பதும் இடையில் ஒரு வெற்றிகூட இல்லாமல் அடுத்தடுத்து வந்தவை. 1915 முதல் 1917 வரை அமெரிக்கப் பேஸ்பாலின் உச்சநிலையான மேஜர் லீகில் அவர் ஆடிய காலம் முழுவதற்குமான கணக்கு 1 வெற்றி, 25 தோல்வி. "வரலாற்றிலேயே மோசமான பிட்சர் யார்?" என்ற கேள்வி எழும்போதெல்லாம் இந்த எண்களே சான்றாகக் காட்டப்படுகின்றன.

அந்தச் சான்று செல்லாது என்பதே இக்கட்டுரையின் வாதம். நாபர்ஸ் சிறந்த பிட்சர் என்று நிறுவ நான் முயலவில்லை. அவர் சராசரிக்குக் கீழேதான் இருந்தார், அதையும் அவருடைய எண்களே சொல்கின்றன. ஆனால் "1–20" என்பது அவர் கையின் திறமையை அளந்து கிடைத்த எண் அன்று. ஓர் அணியின் வெற்றி தோல்வியைத் தனி மனிதர் ஒருவரின் பெயரில் எழுதும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாகி, முறையான விதியே இல்லாமல் பல பத்தாண்டுகள் ஓடியது. நாபர்ஸின் ஒரு வரிப் பதிவு அந்த வழக்கத்தின் விளைபொருள். அவ்வரியைப் புரிந்துகொள்ள அவ்வழக்கத்தின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

சாட்விக்கின் கட்டங்கள்

கிரிக்கெட்டில் எந்தப் பந்துவீச்சாளரின் பெயரிலும் வெற்றி தோல்வி எழுதுவதில்லை. ஓவர், மெய்டன், ரன், விக்கெட் ஆகியவற்றோடு அவர் கணக்கு முடிந்துவிடும். ஆட்டத்தை வெல்வதும் தோற்பதும் அணி. பேஸ்பால் புள்ளிவிவரத்தின் முன்னோடியான ஹென்றி சாட்விக்கும் கிரிக்கெட் மண்ணிலிருந்து வந்தவர்தான். 1824இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்கா சென்று, அங்கே நாளிதழ்களுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதியவர். கிரிக்கெட்டின் ஸ்கோர் அட்டையைப் பேஸ்பாலுக்கு ஏற்ப மாற்றி, 1859இல் அவர் வெளியிட்ட கட்டமே பாக்ஸ் ஸ்கோர் எனப்படும் பின்னாளைய ஆட்டச் சுருக்க அட்டவணைக்கு முன்மாதிரி. அதில் பிட்சருக்கென்று வெற்றி தோல்விப் பத்தி கிடையாது.

இல்லாததற்குக் காரணம் ஆட்டத்திலேயே இருந்தது. அக்காலத்துப் பிட்சர் கையைக் கீழிருந்து வீசி, மட்டையாளர் அடிப்பதற்கு வாகாகப் பந்தைக் கொடுப்பவராகவே கருதப்பட்டார். பந்து உயரமாக வர வேண்டுமா தாழ்வாக வர வேண்டுமா என்று மட்டையாளரே கேட்டு வாங்கும் உரிமை 1887 வரை இருந்தது. 1884இல் நேஷனல் லீக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி எறிய அனுமதித்ததும் ஆட்டத்தின் சமநிலையே மாறிப்போனது. பந்தை அளித்தவர் மட்டையாளரின் எதிரியானார். ஓர் அணிக்கு ஒன்றிரண்டு பிட்சர்களே இருந்து, எறியத் தொடங்கியவரே கடைசிவரை எறிந்த அந்த 1880களில்தான் வெற்றியையும் தோல்வியையும் பிட்சரின் பெயரில் எழுதும் பழக்கம் பரவியது. முழு ஆட்டத்தையும் ஒருவரே எறிந்து முடிக்கும்போது அதில் ஓரளவு நியாயமும் உண்டு. அந்தச் சூழல் மறைந்த பிறகும் பழக்கம் நிலைத்துவிட்டது.

சாட்விக் வேறொரு வழியில் யோசித்துக்கொண்டிருந்தார். எதிரணி எடுத்த ரன்களில் ஃபீல்டர்களின் பிழையால் வந்தவற்றைக் கழித்து, எஞ்சியவற்றை மட்டும் பிட்சரின் பொறுப்பில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் 1860களிலேயே அவர் எழுத்தில் இருந்தது. இப்படி எஞ்சுபவையே எர்ன்டு ரன்கள். ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை எர்ன்டு ரன் என்று கணக்கிட்டால் கிடைப்பது எர்ன்டு ரன் சராசரி. எண் குறையக் குறைய பிட்சர் சிறந்தவர். லீக் நிர்வாகங்கள் இதை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. லீக் நிர்வாகி ஜான் ஹெய்ட்லரின் முயற்சியால் நேஷனல் லீக் 1912இல் இதை அதிகாரபூர்வமாக ஏற்றது. மேஜர் லீகின் மற்றொரு பிரிவான அமெரிக்கன் லீக் அடுத்த ஆண்டு பின்பற்றியது. நாபர்ஸ் ஆடிய 1916 அமெரிக்கன் லீகில் இந்தச் சராசரிக்கு நான்காவது பருவம்தான். வெற்றி தோல்விப் பத்தியைப் படித்துப் பழகிய கண்கள் இப்புதிய எண்ணின் பக்கம் திரும்ப இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன.

கலைக்கப்பட்ட அணி

1887இல் அலபாமா மாநிலத்தின் மான்டெவால்லோவில் பிறந்த நாபர்ஸ் மேஜர் லீகுக்கு வந்து சேர்ந்த நேரம் மிகக் கெட்டது. 1914இல் 99 ஆட்டங்களை வென்று அமெரிக்கன் லீகில் முதலிடம் பிடித்த அணி அத்லெட்டிக்ஸ். அவ்வாண்டு வேர்ல்டு சீரிஸில் பாஸ்டன் பிரேவ்ஸிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. அப்போது ஃபெடரல் லீக் என்ற போட்டி லீக் ஆட்டக்காரர்களுக்கு அதிகச் சம்பளம் காட்டி அழைத்துக்கொண்டிருந்தது. மேலாளரும் பங்குதாரருமான கோனி மேக் அந்தச் சம்பளப் போட்டியில் இறங்க மறுத்து அணியைக் கலைத்தார். நட்சத்திர ஆட்டக்காரர் எட்டி காலின்ஸ் 50,000 டாலருக்குச் சிகாகோ வைட் சாக்ஸுக்கு விற்கப்பட்டார். பிட்சர்கள் எட்டி பிளாங்கும் சீஃப் பெண்டரும் ஃபெடரல் லீகுக்குப் போனார்கள். இன்னொரு பிட்சரான பாப் ஷாக்கி 1915 பருவத்தின் நடுவில் நியூயார்க் யாங்கீஸுக்கு விற்கப்பட்டார். 1915இல் அணி பெற்ற வெற்றிகள் 43. 1916இல் அதுவும் குறைந்து 36 வெற்றி, 117 தோல்வி. 1901 முதல் இன்றுவரை எந்த மேஜர் லீக் அணியும் இதைவிடக் குறைந்த வெற்றி விகிதத்தில் ஒரு பருவத்தை முடித்ததில்லை. 2024இல் 121 ஆட்டங்களைத் தோற்ற சிகாகோ வைட் சாக்ஸின் விகிதம்கூட இதற்கு மேலேதான்.

விற்கப்பட்ட ஷாக்கி 1916இல் யாங்கீஸுக்காக 24 வெற்றிகள் பெற்றார். அவர் பிலடெல்பியாவிலேயே இருந்திருந்தால் அந்த எண் என்னவாகியிருக்கும் என்பதைப் பிலடெல்பியாவில் தங்கிய ஜோ புஷ்ஷைப் பார்த்தால் ஓரளவு தெரியும். புஷ் அந்தப் பருவத்தில் கிளீவ்லாந்துக்கு எதிராக ஒரு ஹிட்கூட (மட்டையாளர் பந்தை அடித்துத் தளத்தை அடைவது) தராத ஆட்டம் ஒன்றை எறிந்தார். அவருடைய எர்ன்டு ரன் சராசரி 2.57, லீக் சராசரியைவிடச் சிறந்தது. அவர் பெயரில் எழுதப்பட்டவையோ 15 வெற்றி, 24 தோல்வி.

நாபர்ஸின் முதுகுக்குப் பின்னால் நின்றவர்களையும் பார்க்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் அறிமுகப் பருவம் ஆடிய வைட்டி விட் அந்த ஓராண்டில் செய்த பிழைகள் 78. ஒரு காலத்தில் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரராக விளங்கிய நாப் லாஜோவே நாற்பத்தொரு வயதில் தம் கடைசிப் பருவத்தை இரண்டாம் தளத்தில் ஆடிக்கொண்டிருந்தார். அணி எடுத்த ரன்கள் 447, கொடுத்தவை 776. ஆட்டத்துக்கு மூன்று ரன்னுக்கும் குறைவாக எடுத்து ஐந்துக்கு மேல் கொடுத்த அணி அது.

அந்த ஒரு வரி

நாபர்ஸின் 1916ஆம் ஆண்டு வரியை இனி நிதானமாகப் படிக்கலாம். 40 ஆட்டங்கள், அவற்றில் 30இல் தொடக்கப் பிட்சர், 11 ஆட்டங்களை முழுமையாக எறிந்து முடித்தார். 212⅔ இன்னிங்ஸ். 206 ஹிட், 95 வாக், 74 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளர் அவுட்டாவது), 82 எர்ன்டு ரன். சராசரி 3.47. அவ்வாண்டு அமெரிக்கன் லீகின் பொதுச் சராசரி 2.8 அளவில் இருந்தது. ஆக, லீகின் நடுத்தரப் பிட்சரைவிட நாபர்ஸ் ஏறத்தாழ 23 விழுக்காடு கூடுதலாக எர்ன்டு ரன் கொடுத்தவர். இது நல்ல எண் அன்று. வாக் என்பது நான்கு தவறான பந்துகளால் மட்டையாளருக்கு இலவசமாக முதல் தளம் கிடைப்பது. அதில் எந்த ஃபீல்டருக்கும் பங்கில்லை. ஸ்ட்ரைக்அவுட்டைவிட 21 வாக் அதிகம் கொடுத்திருப்பது நாபர்ஸின் சொந்தக் குறை. அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

இந்தக் குறைகளை ஒப்புக்கொண்ட பிறகு அதே அணியின் எல்மர் மையர்ஸைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வாதத்தின் உயிர்நாடி இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. மையர்ஸின் எர்ன்டு ரன் சராசரி 3.66, நாபர்ஸினுடையதைவிட மோசம். அவர் கொடுத்த 168 வாக், இன்னிங்ஸ் கணக்கில் பார்த்தாலும் நாபர்ஸைவிட அதிகம். அதே மைதானம், அதே ஃபீல்டர்கள், அதே மட்டையாளர்கள். மையர்ஸின் கணக்கு 14 வெற்றி, 23 தோல்வி. நாபர்ஸுக்கோ 1–20. மூன்றாவதாக டாம் ஷீஹன்: சராசரி 3.69, கணக்கு 1–16. மையர்ஸுக்கும் ஷீஹனுக்கும் சராசரியில் இடைவெளி வெறும் 0.03, வெற்றிகளில் பதின்மூன்று. இந்த மூவரின் திறமையை வெற்றி தோல்விப் பத்தியை வைத்து வரிசைப்படுத்துகிறவர் மையர்ஸை நல்ல பிட்சர் என்றும் மற்ற இருவரைப் பயனற்றவர்கள் என்றும் எழுதுவார். அப்படித்தான் எழுதப்பட்டும் வந்தது. அந்த ஷீஹனே 1923இல் மைனர் லீகின் செயிண்ட் பால் அணிக்காக ஒரே பருவத்தில் 31 ஆட்டங்களை வென்றார்.

வேறுபாட்டுக்கு ஒரு பகுதி விளக்கம் உண்டு. மையர்ஸ் 31 ஆட்டங்களைத் தாமே எறிந்து முடித்தார். நாபர்ஸ் 11 மட்டும். நடுவில் பந்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வருகிறவர், தாம் விட்டுவந்த முன்னிலையைக் காப்பாற்ற அந்த இன்னொருவரை நம்ப வேண்டியிருந்தது. ரன்கள் எந்தெந்த ஆட்டத்தில் எப்படிக் குவிந்தன என்பதும் முக்கியம். ஒரு நாள் எட்டு ரன்னும் மறுநாள் சுழியும் கொடுக்கிறவர் ஒன்றையாவது வெல்வார். இரண்டு நாளும் நான்கு நான்காகக் கொடுக்கிறவர், மூன்று ரன் எடுக்கும் அணியில் இரண்டையும் தோற்பார். சராசரி இருவருக்கும் ஒன்றே.

எஞ்சியது தற்செயல். அதன் அளவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். அத்லெட்டிக்ஸின் வெற்றி விகிதம் 23.5 விழுக்காடு. அந்த அணியின் எந்தப் பிட்சருக்கும் ஒவ்வொரு முடிவிலும் அதே வாய்ப்பு உண்டு என்று கொண்டால், 21 முடிவுகளில் ஒரு வெற்றியோ அதற்கும் குறைவோ கிடைக்கும் நிகழ்தகவு மூன்று விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. அரிதுதான், ஆனால் நம்ப முடியாத அளவுக்கு அரிதன்று. அந்த அணியின் சுமாரான பிட்சர் ஒருவருக்கே நேரக்கூடிய முடிவு இது, நாபர்ஸுக்கு நேர்ந்தது. எதிர்பார்க்கத்தக்க வெற்றிகள் ஐந்து. அந்த ஐந்து கிடைத்து 5–16 என்று முடிந்திருந்தால் இன்று அவர் பெயரை யாரும் எடுக்கப்போவதில்லை. கிடைத்த ஒரே வெற்றி, 1916 ஏப்ரல் 22இல், அவ்வாண்டு உலகச் சாம்பியன் பட்டம் வென்ற பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு எதிராக வந்தது.

இருபது தோல்வி என்ற எண்ணே இழிவானது என்று நினைப்போருக்கு இன்னொரு வரி: பேஸ்பால் கண்ட மாபெரும் பிட்சர்களில் ஒருவரான வால்டர் ஜான்சனும் அதே 1916இல் 20 ஆட்டங்களைத் தோற்றார். அவருடைய எர்ன்டு ரன் சராசரி 1.90. வெற்றிகள் 25 இருந்ததால் அந்த இருபதை யாரும் நினைவில் வைக்கவில்லை.

ஒரே பருவத்தில் 19 தொடர் தோல்வி என்பதிலும் நாபர்ஸ் தனியாள் அல்லர். 1909இல் வாஷிங்டன் அணியின் பாப் குரூம் இதே எண்ணிக்கையைத் தொட்டு 7–26 என்று பருவத்தை முடித்திருந்தார். மூன்று ஆண்டுகளில் வாஷிங்டன் தேறி 91 ஆட்டங்களை வென்ற அணியானபோது குரூமின் கணக்கு 24–13. நாபர்ஸுக்கு அந்தக் காலம் கொடுக்கப்படவில்லை. 1917இல் இரண்டு ஆட்டங்களில் மூன்று இன்னிங்ஸ் எறிந்தார், ஓர் எர்ன்டு ரன் கொடுத்தார், அத்தோடு மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. 1923இல், நாற்பதை எட்டும் முன்பே, அலபாமாவில் காலமானார்.

அவருக்குப் பிறகு எண்கள் மட்டும் நிற்காமல் கதைகளும் சேர்ந்தன. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஃபீல்டரின் பிழையால் முன்னிலை பறிபோனதும், கொளுத்தும் வெயிலில் மேலும் பல இன்னிங்ஸ் எறிய மனமின்றி நாபர்ஸ் வேண்டுமென்றே பந்தைக் கேட்சருக்கு எட்டாமல் எறிந்து ஆட்டத்தை முடித்தார் என்று ஷீஹன் பிற்காலத்தில் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. பல ஆண்டுகள் கழித்து உடன் ஆடியவர் சொல்லும் நினைவு என்ற அளவில்தான் இதை ஏற்க முடியும். இக்கதையை எடுத்தாள்கிறவர்கள் அதை நாபர்ஸின் மனநிலைக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். நான் அதில் காண்பது வேறு: நேரடி அனுபவமுள்ள ஷீஹன்கூட அந்த அணியை நினைத்ததும் முதலில் சொன்னது ஃபீல்டரின் பிழையைத்தான்.

எழுதியவர் யார்?

1916இல் ஓர் ஆட்டத்தின் வெற்றியோ தோல்வியோ எந்தப் பிட்சருக்குச் சேரும் என்று வரையறுக்கும் முறையான விதி இல்லை. ஆட்டத்தின் அதிகாரபூர்வ ஸ்கோரரும் லீக் அலுவலகமும் தம் அறிவுக்கு எட்டியபடி எழுதினார்கள். தொடக்கப் பிட்சர் வெற்றி பெற ஐந்து இன்னிங்ஸ் எறிந்திருக்க வேண்டும் என்பது உள்ளிட்ட விதிகள் 1950இல்தான் எழுத்தில் வந்தன. அதற்கு முந்தைய பதிவுகளில் ஒரே மாதிரியான இரண்டு ஆட்டங்கள் இருவேறு விதமாக எழுதப்பட்டிருப்பது வழக்கமே. பிராங்க் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்கன் லீகின் 1901 முதல் 1919 வரையான ஆட்டங்களை மீண்டும் ஆராய்ந்து, 1982இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பதிவேடுகள் எல்லாமே தவறு என்ற பொருளில் தலைப்பே வைத்தார். வால்டர் ஜான்சனின் மொத்த வெற்றிகள் 416ஆக இருந்து 417 ஆயின. நேஷனல் லீகின் பிட்சர் கிறிஸ்டி மேத்யூசனின் பழைய வெற்றி ஒன்று 1940களில் கண்டெடுக்கப்பட்டு, அவரை 373 வெற்றிகளோடு குரோவர் அலெக்சாண்டருக்குச் சமமாக்கியது. கல்வெட்டுப் போல நாம் நம்பும் எண்கள் இறந்தவர்களின் பெயரில் பிறகும் திருத்தப்பட்டுக்கொண்டிருக்கின்றன.

நாபர்ஸைப் போன்றவர்களுக்கு நியாயம் கிடைக்கும் வழி 1969இல் திறந்தது எனலாம். டேவிட் நெஃப்ட் தலைமையிலான குழு கணினியின் துணையோடு பழைய பதிவுகளைத் தொகுத்து மேக்மில்லன் நிறுவனத்தின் பேஸ்பால் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. புகழ்பெற்றவர்களுக்கு ஒதுக்கிய அதே பத்திகளை ஓரிரு ஆட்டம் ஆடியவர்களுக்கும் கொடுத்தது அந்த நூல். எர்ன்டு ரன் சராசரி அதிகாரபூர்வமாவதற்கு முந்தைய ஆண்டுகளுக்கும் அது பின்னோக்கிக் கணக்கிடப்பட்டது. 1984இல் ஜான் தோர்னும் பீட் பால்மரும் தங்கள் நூலில் பிட்சரின் சராசரியை லீக் சராசரியோடும் மைதானத்தோடும் ஒப்பிடும் முறையைப் பரப்பினார்கள். 1989இல் டேவிட் ஸ்மித் தொடங்கிய ரெட்ரோஷீட் அமைப்பு பழைய ஆட்டங்களின் விவரங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு திரட்டி, இலவசமாகப் பொதுவில் வைத்தது.

2001இல் ஆய்வாளர் வோரோஸ் மெக்ராக்கன் ஒரு படி மேலே போனார். வாக், ஸ்ட்ரைக்அவுட், ஹோம் ரன் ஆகிய மூன்றும் பெரும்பாலும் பிட்சரைப் பொறுத்தவை. மைதானத்துக்குள் அடிபட்ட பந்து ஹிட்டாவதும் அவுட்டாவதும் பிட்சரின் கையில் மிகக் குறைவாகவே இருக்கிறது என்று அவர் வாதிட்டபோது பேஸ்பால் உலகம் அதிர்ந்தது. சாட்விக்கின் எர்ன்டு ரன் முறையில் இருந்த ஓட்டையும் இதனால் வெளிச்சத்துக்கு வந்தது. ஃபீல்டர் பந்தைக் கையில் வாங்கித் தவறவிட்டால் பிழை. கால் தளர்ந்து பந்தை எட்டவே முடியாமல் நின்றால் அது ஹிட், அதனால் வரும் ரன் பிட்சரின் கணக்கில் ஏறும். நாபர்ஸின் 206 ஹிட்களில் ஒரு பகுதிக்கு இதுவே காரணம் என்று கருத இடமிருக்கிறது. அதே அளவுகோல் அவருடைய 95 வாக்கை மன்னிக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பொதுமக்கள் பார்வை மாறிய விதத்தை ஆன்டனி யங்கின் கதை காட்டும். நியூயார்க் மெட்ஸ் அணியின் இந்தப் பிட்சர் 1992, 1993 ஆகிய இரு பருவங்களில் தொடர்ந்து 27 தோல்விகள் கண்டு, கிளிஃப் கர்ட்டிஸின் 23 என்ற பழைய எண்ணைத் தாண்டினார். அந்தத் தொடருக்குள்ளேயே 23⅔ இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் எறிந்த காலமும் உண்டு. 1993இல் அவர் கணக்கு 1–16, சராசரி 3.77. ரசிகர்கள் ராசிப் பொருள்களை அனுப்பினார்கள். ஜூலை 28இல் தொடர் முறிந்தபோது அரங்கமே மகிழ்ந்தது. அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கு அணியின் பங்கு தெரிந்திருந்தது. ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முன் நாபர்ஸுக்குக் கிடைக்காத பரிவு இது.

சிறந்த பிட்சருக்கான சை யங் விருதின் வாக்காளர்கள் மாற இன்னும் நாளாயிற்று. 2010இல் 13–12 என்ற கணக்கோடு ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ் விருது பெற்றபோது சர்ச்சை எழுந்தது. 2018இல் ஜேக்கப் டிகிராமின் கணக்கு 10–9, சராசரி 1.70, முதலிடத்துக்கான 30 வாக்குகளில் 29 அவருக்கு விழுந்தன, சர்ச்சை எழவில்லை.

நாபர்ஸைப் பற்றிய ஆய்வில் அடுத்த பணி, பருவ மொத்தத்தை விட்டு ஆட்டம் ஆட்டமாக இறங்குவது. அவருடைய இருபது தோல்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, அவர் களத்தில் நின்ற இன்னிங்ஸ்களில் அணி எடுத்த ரன் எத்தனை, எதிரணி எடுத்தவற்றில் எர்ன்டு ரன் எத்தனை, அவர் வெளியேறியபோது ஆட்டம் எந்த நிலையில் இருந்தது என்று மூன்று பத்திகளாகப் பிரிக்க வேண்டும். ஷீஹனின் பதினாறு தோல்விகளுக்கும் மையர்ஸின் இருபத்து மூன்றுக்கும் அதே அட்டவணை போட்டால்தான் ஒப்பீடு முழுமை பெறும்.